சுவரில் படாத இரும்பு

துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாத வாடகை வீட்டில், தவசிக்கனி என்றொரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய குருவுக்கு அதில் பாதிதான்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பளு தூக்கக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தவசிக்கனியும் அப்படியே கூப்பிட்டார். மாஸ்டர் அவரை அண்ணாச்சி என்றார்.

தவசிக்கனி துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சுமந்தவர்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தவர். மூட்டை சுமந்த காலத்தில் உடம்பைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. அது அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்ட பொருள். ஓய்வு பெற்ற பிறகு, சர்க்கரைக்கு மாத்திரை எழுதிய டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்த வழியில் மாஸ்டரின் பயிற்சிக் கூடம் இருந்தது. எட்டிப் பார்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எந்தக் கப்பலிலும் ஏற்றாமல், எவனுக்கும் லாபம் சேர்க்காமல், தனக்காக மட்டும் ஒரு சுமையைத் தூக்கி இறக்கலாம் என்பது அவருக்கு அந்த வயதில்தான் தெரிந்தது.

ஊரில் அவர் கை படாத சுவர் கிடையாது. நீலத்திலும் சிவப்பிலும் அவர் எழுதிய கோரிக்கைகளின் மேல் இப்போது சிமெண்டு விளம்பரம் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வீட்டுக்காரர் பால்துரை. அடுத்த வீட்டிலேயே குடியிருந்தார். சாவி கொடுக்கும்போது அவர் போட்டது ஒரே நிபந்தனை: சுவரில் கீறல் விழக் கூடாது.

சுவரைக் கட்டியவன் தொடலாம். வெள்ளையடிப்பவன் தொடலாம். பல்லி ஓடலாம். உள்ளே குடியிருப்பவன் மட்டும் தொடக் கூடாது. உலகத்தில் பாதிச் சட்டம் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் தவசிக்கனி வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கடிகாரம் ஃபிரிட்ஜின் மேல் படுத்திருந்தது.

வாயைத் திறக்காததற்குக் காரணம் அவர் மனைவி சந்தனமாரி. தவசிக்கனி வீட்டுக்காரர்களோடு நியாயம் பேசிப் பேசியே அவர்கள் வீடு வீடாக மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவளுடைய தையல் மிஷின் வண்டி ஏறும். புதுத் தெருவில் ஜாக்கெட் தைக்க ஆள் வந்து சேருவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். இந்தத் தெருவில்தான் அவளுக்குத் தொழில் கூடிவந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள்கூட அவளைத் தேடி வந்தார்கள்.

"அடுத்த வீடு பாக்கணும்னா உங்களுக்கு மட்டும் பாருங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால் அவர் பயந்தார்.

அப்படியிருக்கையில் மாஸ்டரின் பயிற்சிக் கூடம் போயிற்று. கட்டடத்துக்காரர் அதைத் துணிக்கடைக் கிடங்காக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். தவசிக்கனி துண்டறிக்கை எழுதினார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போய், வாசலில் நின்று முழக்கம் போட்டார். சீடர்கள் எல்லோரும் வந்தார்கள். மாஸ்டரை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், பின்வாசலில் நின்ற குட்டி யானை வண்டியில் இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"முழக்கம் முடிஞ்சிருந்தா இந்தப் பக்கத்தைப் பிடிங்க, அண்ணாச்சி" என்றார்.

தவசிக்கனிக்கு மனம் கசந்தது. ஆனாலும் பிடித்தார்.

இனி அவரவர் வீட்டில் பயிற்சி, நான் முறை வைத்து வந்து பார்க்கிறேன் என்று மாஸ்டர் இரும்பைப் பங்கிட்டுக் கொடுத்தார். தவசிக்கனியின் பங்குக்கு ஒரு ராடும் அதன் இரு முனையிலும் மாட்டும் பிளேட்டுகளும் ஒரு பெஞ்சும் வந்தன. கூடவே ஆளுயர ஸ்டாண்ட் ஒன்று. அதன்மேல் ராடை வைத்து, தோளில் வாங்கி, உட்கார்ந்து எழ வேண்டும். கூடத்தில் அது சுவரோடு போல்ட் போட்டு நின்றது. கழற்றிக் கொண்டுவந்த பிறகு, தொட்டால் ஆடியது.

"சுவர்ல போல்ட் போடாம இது எப்படி நிக்கும், மாஸ்டர்?" என்று சீடர் கேட்டார்.

மாஸ்டர் ஸ்டாண்டைச் சுவரோரத்திலிருந்து இழுத்து அறையின் நடுவில் நிறுத்தினார். கனத்த பிளேட்டுகளாகப் பார்த்து எடுத்து அதன் காலடியில் ஏற்றினார்.

"தள்ளுங்க."

தவசிக்கனி தள்ளினார். மூட்டை தள்ளிய கை. ஸ்டாண்ட் அசையவில்லை.

"போல்ட் எங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

சீடர் சிரித்துவிட்டார்.

அறையின் நடுவில்தான் சந்தனமாரி துணி விரித்து வெட்டுவாள். அவள் மிஷினை அடுக்களை வாசலுக்கு நகர்த்திக்கொண்டாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்றாள்.

தரைக்கு, துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து கழித்துப் போட்ட ரப்பரைப் பழைய தோழர்கள் வெட்டிக் கொடுத்தார்கள். பிளேட்டுகளை அடுக்கத் தவசிக்கனி ஒரு மரச்சட்டம் செய்தார். கண்ணாடி மாட்ட வழியில்லை. பீரோக் கண்ணாடிக்கு எதிரே ஸ்டாண்டைத் திருப்பி வைத்துக்கொண்டார். கூடத்தில் இருந்ததற்கு எந்தக் குறையும் இல்லாமல் அந்த அறை அமைந்துவிட்டது. ஒரு துளைகூடப் போடாமல்.

அடுத்த முறை மாஸ்டர் வந்தபோது சீடர் இன்னொன்று கேட்டார். ராடைக் கீழே வைக்கையில் சத்தம் அடுத்த வீடு வரை போகிறது, என்ன செய்வது என்றார்.

மாஸ்டர் தரையிலிருந்து ராடை இடுப்புவரை தூக்கினார். தூக்கிய அதே நிதானத்தில் இறக்கினார். ரப்பரில் அது பூனை படுப்பதுபோல் படுத்தது.

"நீங்க தூக்கி முடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு விட்டுருதீய" என்றார். "இறக்குறதும் தூக்குறதுதான்."

சீடர் அதையும் பழகினார். சத்தம் நின்றது. ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் எதிராளி எங்கே கை வைப்பான் என்று முன்கூட்டியே பார்த்துப் பழகிய மூளை அது. இரும்பு தவறியும் சுவரில் படாதபடி, பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை வாங்கி வந்து சுவரோரமாக நிறுத்தினார். இடைவெளிகளில் சாக்கை அடைத்தார். ஜன்னல் பக்கத்துச் சுவரை மட்டும் காற்றுக்காக விட்டுவைத்தார்.

மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "யாரு படையெடுத்து வாரா?" என்று கேட்டார்.

"முன்னெச்சரிக்கை" என்றார் சீடர்.

அப்படியே ஒரு கோடை போயிற்று. தவசிக்கனி தூக்கும் எடை ஏறியது. சர்க்கரை இறங்கியது. மிஷினும் இரும்பும் ஒரே வீட்டில் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் ஓடின. இவ்வளவு இரும்பு உள்ளே கிடந்தும் சுவரில் ஒரு கீறல் இல்லை என்று அவர் தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். சங்கத்தில் வாங்கிக்கொடுத்த கூலி உயர்வைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த பால்துரை ஜன்னல் பக்கத்துச் சுவரின் முன்னால் நின்றுவிட்டார். அங்கே தலை உயரத்தில் வட்டமாக ஒரு கறுப்பு. அதற்குக் கீழே அகலமாக, மங்கலாக இன்னொரு தடம்.

இரும்பு உரசியிருக்கிறது என்றார் பால்துரை. சுவர்மேல் இரும்பு பட்டதே இல்லை என்றார் தவசிக்கனி. மெத்தைகளைக் காட்டினார், ரப்பரைக் காட்டினார், ஸ்டாண்ட் நிற்கும் தூரத்தைக் காட்டினார்.

"அப்ப இது எப்படி வந்துச்சு? சுவருக்குத் தானா வேர்த்துச்சா?" என்று பால்துரை கேட்டார். "ஞாயித்துக்கிழமை வருதேன். இரும்புதான்னு தெரிஞ்சா, ஒண்ணு அது போகணும். இல்ல நீரு போகணும்."

சந்தனமாரி அடுக்களை வாசலில் மிஷின்முன் இருந்தாள். பற்களுக்கிடையே ஊசியைக் கவ்வியிருந்தாள். வீட்டுக்காரர் போன பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.

தவசிக்கனி அந்த வாரம் முழுக்கச் சுவரை ஆராய்ந்தார். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. கட்டியவன் கடல்மணலைக் கலந்திருப்பான். மலிவான பெயிண்டு கறுக்கத்தான் செய்யும். குற்றம் முழுவதும் கட்டியவன் பக்கம் என்பதை ஒரு கூட்டத்துக்குத் தயாரிப்பதுபோலத் தயாரித்தார். இரும்பு படவில்லை என்று சாட்சி சொல்ல மாஸ்டரையும் வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்துரையும் மாஸ்டரும் வந்தார்கள். சந்தனமாரி அன்றும் ஊசியைக் கவ்விக்கொண்டு மிஷின்முன் இருந்தாள். பால்துரை காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தவசிக்கனி பேசினார். உப்பைப் பற்றிப் பேசினார், மணலைப் பற்றிப் பேசினார். ஆயுள் முழுக்க யார் மேலும் சாய்ந்து நிற்காதவன் நான், பொய் சொல்லிப் பிழைக்கும் தேவை எனக்கில்லை என்று மேடைகளில் சொல்லும் வரியோடு முடித்தார்.

மாஸ்டர் எழுந்து சுவரருகே போனார். கறுப்பு வட்டத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"இன்னைக்குப் பயிற்சி ஆச்சா?"

"இந்த விசாரணையில எங்க பயிற்சி, மாஸ்டர்?"

"ஏத்துங்க."

தவசிக்கனிக்குப் புரியவில்லை. மாஸ்டர் சொன்னால் செய்வதுதான் வழக்கம். பிளேட்டுகளை மாட்டினார். மாஸ்டர் இன்னும் ஒன்று கூட்டினார். ராடைத் தோளில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். கடைசியாக எழும்போது கழுத்து நரம்பு புடைத்தது. பால்துரை தன்னையறியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ராடு சத்தமில்லாமல் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தது.

மூச்சு வாங்க, தவசிக்கனி பின்னால் நகர்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அந்த வழி அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது. முதுகு சுவரைத் தொட்டது. எண்ணெய் மினுங்கும் தலை பின்னால் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

பால்துரை நாற்காலியில் முன்னால் நகர்ந்து சுவரைப் பார்த்தார்.

மூச்சு அடங்கியதும் தவசிக்கனி கண்ணைத் திறந்தார். எதிரே பீரோக் கண்ணாடி. கறுப்பு வட்டம் அவர் தலைக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது. அகலமான தடம் அவர் தோளுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது.

பால்துரையின் மடியில் காலண்டர் குலுங்கியது. அவர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"யாரு மேலயும் சாஞ்சதில்லன்னு மேடைக்கு மேடை பேசினீரே. எஞ்சுவர் மட்டும் என்னவே பாவம் செஞ்சுது?"

தவசிக்கனி சுவரை விட்டு விலகி, பின்தலையைத் தடவி, எண்ணெய் பட்ட விரலைப் பார்த்தார்.

பால்துரை எழுந்து காலண்டரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார். என் வீட்டிலும் பேப்பர் படிக்கும் இடத்தில் இதே மாதிரி ஒரு வட்டம் உண்டு, மனைவியிடம் அதற்குத் தினமும் வசவு வாங்குகிறேன் என்றார். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைக்கச் சொன்னார். போகாவிட்டால் மிச்சப் பெயிண்டு கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், குழாய் இப்போது ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சந்தனமாரி வாயிலிருந்த ஊசியை எடுத்து மிஷின்மேல் கிடந்த துணியில் குத்தினாள்.

"மாஸ்டருக்கு டீ போடுதேன்" என்று உள்ளே போனாள். போகிற போக்கில் அவள் தோள் குலுங்கியதைத் தவசிக்கனி கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார் மாஸ்டர்.

சீடர் தூக்கினார். இறக்கினார். சுவர்ப் பக்கம் போகவிருந்த கால்களை நிறுத்திக்கொண்டார். அறையின் நடுவில், ரப்பரின் மேல் நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இடுப்பில் வைத்தார், எடுத்தார். சுமையோடு நிற்க ஆயுள் முழுக்கத் தெரிந்தவர், சுமை இல்லாமல் அப்படி ஆடிக்கொண்டு நின்றார்.

அடுக்களையிலிருந்து இஞ்சி தட்டும் சத்தம் வந்தது.

"தூக்கச் சொல்லிக் குடுத்தீய. இறக்கவும் சொல்லிக் குடுத்தீய" என்றார் சீடர் கடைசியில். "இறக்கி வச்ச பொறவு எப்படி நிக்கணும்னு சொல்லித் தரலியே, மாஸ்டர்."

மாஸ்டர் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மரச்சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தானே கேக்கீய, அண்ணாச்சி."