சோம்பேறிக் காவலாளி

கொற்றனூர் அரண்மனையில் வெண்காடனைத் தேடுகிறவர்கள் குறட்டை கேட்கும் பக்கம் போனால் போதும். கதை சொல்லி மன்னரைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. மீதி நேரம் தூக்கம். சரக்கறையைக் கவனிக்கும் உக்கிராணத் தலைவர் மாசிலாமணிக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

"மன்னா, இந்தச் சோம்பேறிக்கு எதற்கு அரண்மனைச் சோறு?" என்று ஒருநாள் சபையிலேயே கேட்டுவிட்டார்.

மன்னருக்கு அன்று வேறு கவலை. புகுந்த வீட்டில் மசக்கையாக இருந்த மகள், அரண்மனைத் தோட்டத்துப் பிஞ்சுக் கத்தரிக்காய்தான் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் வர ஒரு மாதம் ஆகும். செடியிலோ கடைசிக் காய்ப்பு.

"நீரும் வெண்காடனும் ஆளுக்கொரு கூடை காய் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் மன்னர். "என் மகள் வரும்போது யாருடைய காய் கெடாமல் இருக்கிறதோ, அவர் இங்கே இருக்கலாம். மற்றவர் மூட்டை கட்டலாம்!"

வெண்காடனுக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த இடத்தை விட்டால் அவனுக்கு யார் சோறு போடுவார்கள்? கலங்கிப்போய்த் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பழைய நெற்குழி ஓரத்தில் நின்றான். விளக்கை இறக்கினாலே அணைந்துவிடும் குழி அது. யாரும் உள்ளே இறங்குவதில்லை. உச்சி வெயிலில் எட்டிப் பார்த்தான். என்றோ காற்றில் ஒடிந்து விழுந்த வேப்பங்கொத்து இன்னும் பச்சையாகக் கிடந்தது.

கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினான். பலகையால் மூடிக் களிமண் பூசினான். பலகை மேலேயே படுத்துக் குறட்டை விட்டான்.

மாசிலாமணியோ தன் காய்களைப் படாதபாடு படுத்தினார். தண்ணீர் தெளித்தார், துடைத்தார், விசிறினார், புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

இளவரசி வந்தாள். மாசிலாமணியின் கூடையை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் திறக்க முடிந்தது. வெண்காடன் குழியின் பலகையைப் பெயர்த்துக் கயிற்றை இழுத்தான். காய்கள் பளபளவென்று மேலே வந்தன.

"இன்றைக்கே சமைக்கச் சொல்லுங்கள், அப்பா!" என்றாள் இளவரசி.

"எப்படியடா செய்தாய்?" என்றார் மன்னர்.

"உள்ளே ஒரு காவலாளி இருக்கிறான், மன்னா." வெண்காடன் எரியும் விளக்கொன்றைக் குழிக்குள் இறக்கினான். பொசுக்கென்று அணைந்தது.

"ஐயோ, பேய்!" மாசிலாமணி மன்னரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"பேயில்லை ஐயா, காற்றுதான். வெளிக்காற்று சும்மா இராது. விளக்கை எரிக்கும், காயை அழுகவைக்கும். இது சோம்பேறிக் காற்று. எதையும் நோண்டாது."

"ஒரு மாதமாக அது என்னதான் செய்தது?"

"ஒன்றுமே செய்யவில்லை, மன்னா. ஐயாதான் பாவம், ஓயாமல் உழைத்தார்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். மாசிலாமணி தலையைத் தொங்கப்போட்டு மூட்டை கட்டக் கிளம்பினார்.

"வெண்காடா, என்ன பரிசு வேண்டும், கேள்!"

"ஐயாவைப் போகவிடாதீர்கள், மன்னா. அது போதும்."

"உன்னைத் துரத்தப் பார்த்தவரையா?"

வெண்காடன் கொட்டாவியை அடக்கிக்கொண்டான்.

"அவர் போய்விட்டால், அவர் வேலையை என் தலையில் கட்டிவிடுவீர்களே!"