கடைசியாக நின்ற பதில்

"குழுவ இழுத்து மூடிருங்க டீச்சர். இல்லன்னா என்னைய விட்டுருங்க."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இசக்கியப்பன் ஆரம்பித்துவிட்டார்.

ஜெசிந்தா டீச்சர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். இசக்கியப்பனுக்குக் கல்லிடைக்குறிச்சியில் உரக்கடை. டீச்சரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் பாம்பு விஷயத்தில் டீச்சர்தான் அவருக்குக் குரு. வயலில் கண்ட பாம்பையெல்லாம் படம் பிடித்து அனுப்பி, தப்பாகப் பெயர் சொல்லித் திட்டு வாங்கி, மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவர்.

அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் 'வந்தது என்ன பாம்பு?' என்ற இணையக் குழு.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் தூர நின்று படம் எடுத்துப் போட வேண்டும். தெரிந்தவர் பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடத் தேறாத கூட்டம். போட்ட கேள்விக்கு டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். இப்போது ஆள் கணக்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. லட்சம் பேர் சேர்ந்தால் லட்சம் மூளை சேரும் என்று நம்புகிறவர்கள் ஒருநாள் அந்தக் குழுவுக்குள் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரோஜாப்பூவோடு காலை வணக்கம். மனை விற்பனை. மூட்டு வலிக்கு எண்ணெய். பாவப்பட்ட சாரைப்பாம்பு ஒன்று படத்தில் வந்துவிட்டால் போதும், அடி, கொல்லு, எரி என்று ஒரு பட்டாளமே கிளம்பிவிடும்.

இத்தனைக்கும் வாசலில் காவல் நிற்பவர் இசக்கியப்பன். அட்மின்.

"உட்காருங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"உக்கார முடியல டீச்சர். வயிறு எரியுது."

"என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லுங்க."

"முந்தாநாள் சாயங்காலம் பேச்சியம்மாள்னு ஒரு பொண்ணு படம் போட்டிருக்கு. மாட்டுத் தொழுவத்துல, புண்ணாக்கு மூட்டைக்கிட்ட பாம்பு. 'பிள்ளைக வெளையாடுத எடம், இது என்ன பாம்பு, சீக்கிரம் சொல்லுங்க'ன்னு கேட்டிருக்கு. பதறிப்போய்க் கேட்டிருக்கு டீச்சர்!"

"சரி."

"ஒருத்தன் எழுதுதான், 'உங்க மாமியாரா?' அதுக்கு முந்நூறு பேரு சிரிக்கான். இன்னொருத்தன், 'சூப் வச்சா நல்லாருக்கும்'. அடுத்தவன் ரெண்டு கட்சிக்காரன் பேரச் சொல்லி, 'இவங்கள்ல யாரு இது'ன்னு கேக்கான். உடனே அந்த ரெண்டு கட்சிக்காரனும் மல்லுக்கட்ட ஆரம்பிச்சுட்டான். ஒரு வீட்டுல பாம்பு நிக்குது, இவனுவளுக்கு அரசியல்!"

அவர் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சும்மா இருப்பனா? ஒவ்வொருத்தனையும் பிடிபிடின்னு பிடிச்சேன். 'உன் வீட்டுப் பொம்பளைன்னா இப்பிடிப் பேசுவியா'ன்னு கேட்டேன். எதுத்துப் பேசுனவன வெளிய தள்ளுனேன். அழுக்கையெல்லாம் அழிச்சேன். கடைக்கு வந்தவங்களக்கூடக் கவனிக்கல டீச்சர். கடைசில போங்கடான்னு, யாரும் கமெண்ட் போட முடியாதபடி பேச்சையே மூடிட்டேன். மூடிட்டு, குழுவுல எப்பிடிப் பேசணும்னு ஒரு நீண்ட பதிவு எழுதுனேன். ஆயிரம் பேரு பாராட்டியிருக்காங்க."

"அது என்ன பாம்பு அண்ணாச்சி?"

"எது?"

"தொழுவத்துல நின்னது."

"கண்ணாடி விரியன். இதுல என்ன சந்தேகம்? முதுகுல சங்கிலி மாதிரிப் புள்ளி. படத்தப் பாத்ததுமே எனக்குத் தெரியுமே."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பன் அதைக் கவனிக்கவில்லை. கோபத்தில் இருப்பவருக்கு எதிரே இருப்பவர் முகம் எங்கே தெரியப்போகிறது?

"நேத்து சேதி வருது, அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரக் கடிச்சிருச்சாம். பெரியாஸ்பத்திரில கெடக்காராம். கொன்னுட்டானுவ டீச்சர். சிரிச்சுச் சிரிச்சே ஒரு மனுசனக் கொல்லப் பாத்துட்டானுவ!"

"பெயர் சொல்லி யாருமே எழுதலையா?"

"ஒருத்தர் எழுதியிருந்தாரு. மலைப்பாம்புக் குட்டின்னு."

"அதையும் அழிச்சீங்களா?"

"அது தப்புதான். ஆனா மனுசன் வணக்கம் சொல்லி, மரியாதையா எழுதியிருந்தாரு. அவரையும் அடிச்சு வெரட்டவா? பொறவு திருத்திக்கிடலாம்னு விட்டுட்டேன். அதுக்குள்ள இந்தக் கழிசடைகளோட மல்லுக்கட்டவே நேரம் சரியாப் போச்சு."

டீச்சர் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"எங்க டீச்சர்?"

"ஆஸ்பத்திரிக்கு. காலையில டாக்டர் ஒருத்தர் போன் பண்ணினார். குழுவை ஆரம்பிச்சது நான்னு யாரோ சொல்லியிருக்காங்க. வரச் சொன்னார்."

"எதுக்கு?"

"வாங்க."

வழி நெடுகப் பின்சீட்டில் இருந்து இசக்கியப்பன் பொரிந்துகொண்டே வந்தார். கூட்டம் பெருத்தால் குப்பை பெருக்கும் என்றார். இனிமேல் அடையாள அட்டை காட்டாமல் ஒருத்தனையும் உள்ளே விடக் கூடாது என்றார். மாமியார் நகைச்சுவை எழுதினவனை நேரில் பார்த்தால் செருப்பைக் கழற்றப் போவதாகச் சொன்னார். டீச்சர் வண்டியை விரட்டினார். சிக்னலில் நின்றபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, சுவரோரம் பேச்சியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் செல்போன். பக்கத்தில் ஒரு நர்ஸ் கையில் தாளோடு நின்றிருந்தார். கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போன முகம் நர்ஸுக்கு.

"இவங்க கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க மேடம்" என்றார் நர்ஸ். "சிறுநீரகம் வேலை செய்யல. டயாலிசிஸ் உடனே பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார். நேரம் போயிக்கிட்டே இருக்கு."

டீச்சர் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா அந்தக் குழுவ ஆரம்பிச்சேன். இவர்தான் அட்மின். இசக்கியப்பன்."

பேச்சியம்மாள் சட்டென்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்கதானா? நல்லாருப்பிய. கண்டவனும் எகத்தாளம் பேசுனப்போ எனக்காக ஒத்த ஆளா நின்னு கேட்டிய. எங்கூடப் பெறந்தவங்ககூட அப்பிடிப் பேச மாட்டாவ."

இசக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருடக் காவலுக்கு இந்த ஒரு சொல் போதும் என்று தோன்றியது.

"அவனுவள விட மாட்டேம்மா" என்றார். "நீ ஏன் கையெழுத்துப் போடாம இருக்க?"

"அதத்தான் அண்ணாச்சி யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். டாக்டருமாரு விரியன் கடிங்காவ. ரத்தத்த வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணணும்ங்காவ. எனக்குப் பயமாருக்கு. எங்க பெரியப்பா மகன் இப்பிடித்தான் மிசின்ல போட்டு, வரவே இல்ல. ஒங்க குழுவுல மலைப்பாம்புக் குட்டின்னு சொல்லியாச்சே? மலைப்பாம்புக்குத்தான் விசமே கெடையாதே? எதுக்குத் தப்பான வைத்தியம் பாக்குதாவ?"

இசக்கியப்பன் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"குழுவுல அப்பிடி... அது யாரோ ஒருத்தர் எழுதினதும்மா."

"எழுதினது யாரோதான். ஆனா மூடினது நீங்கள்லா?"

"மூடினா?"

"சரியான பேரு வந்ததும் பேச்ச மூடிருவோம், கடைசியா நிக்குத பதில்தான் சரின்னு உள்ள வரும்போதே படிக்கச் சொல்லுதியள்லா. நான் படிச்சுட்டுத்தான் சேந்தேன். பேச்சு நடந்துக்கிட்டு இருக்க மட்டும் எங்க வீட்டுக்காரரு பாம்புகிட்டப் போகவே இல்ல. அண்ணாச்சி மூடட்டும், மூடட்டும்னு கம்ப வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாவ. நீங்க எல்லாத்தையும் அழிச்சு மூடினிய. அது ஒண்ணுதான் நின்னுச்சு. குட்டிதானேன்னு கையாலயே எடுத்துட்டாவ, காட்டுல கொண்டு விட."

அந்த விதியை எழுதியவர் இசக்கியப்பன்தான். அந்த நாளில் எல்லோரும் மெச்சிய விதி. பதில் வந்த பிறகும் வளவளவென்று பேசி ஆளைக் குழப்பக் கூடாது என்று அவரே யோசித்து வைத்தது.

அவர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். மூஞ்சி ரத்தமாகச் சிவந்திருந்தது.

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியளா? வீட்லயே சொல்லியிருக்கலாம்லா? இந்தப் பொண்ணு முன்னால வச்சு..."

"கேள்வி கேட்டது நான் இல்ல அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அவங்க."

உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் ஓடினார். தாள் பெஞ்சின் மேல் கிடந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள். "நீங்க சொன்னா நான் நம்புதேன். அது மலைப்பாம்புதான?"

யாரையாவது திட்டலாமா என்று இசக்கியப்பன் தேடினார். மாமியார் என்றவன், சூப் என்றவன், கட்சிக்காரர்கள், ஒருவன்கூட உதவிக்கு வரவில்லை. எல்லோரையும்தான் அவர் அன்றைக்கே அழித்துவிட்டாரே.

"விரியன்" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"கண்ணாடி விரியன்மா. டாக்டர் சொல்லுததுதான் சரி. போட்டுரு. உடனே கையெழுத்தப் போட்டுரு."

பேச்சியம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை. தாளை எடுத்தாள். பேனா எழுதவில்லை, உதறினாள். மறுபடி உதறி, கையெழுத்துப் போட்டு, நர்ஸைத் தேடி உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது இசக்கியப்பன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"அண்ணாச்சி" என்றாள். "ஒங்களுக்கு அது எப்பத் தெரிஞ்சது?"