ஒரே உயரத்தில் தலைவர் பெயர்

"இந்த வருஷம் ஸ்கேலோடதான் வருவேன். தலைவர் பேரு என் பேரைவிட ஒரு நூல் பெருசா இருந்தாலும் போஸ்டரைக் கிழிச்சிருவேன்" என்று வணிகர் சங்கப் பொருளாளர் இசக்கி டீக்கடையில் சொன்னது, பக்கத்து அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த அஞ்சுகத்தின் காதில் விழுந்தது.

சற்று நேரத்தில் சங்கத் தலைவர் சிங்காரவேலுவே அச்சகத்துக்கு வந்துவிட்டார். "ஆண்டு விழா போஸ்டர்ல எல்லார் பேரும் ஒரே உயரம், ஒரே கறுப்பு. ஆனா என் பேருதான் முதல்ல கண்ணுல படணும். முடியலேன்னா முதலாளிகிட்ட சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அஞ்சுகம் அவர் பெயருக்கு மட்டும் தனி எழுத்து வடிவம் வைத்தாள். உடம்பு தடித்து, இடை நூலாய் மெலிந்து, முனைகளில் குஞ்சம் கட்டிய எழுத்து.

மாலையில் தலைவரோடு சங்கத்தார் திரண்டு வந்தார்கள். இசக்கி மாதிரித் தாளில் பெயர்களை ஸ்கேல் வைத்து அளந்தார், உயரத்தில் குறையில்லை. "அப்போ எனக்கும் அந்த எழுத்தையே வை தாயி" என்றார். மற்றவர்களும் விடவில்லை. எல்லோருக்கும் மாற்றியதும் தலைவர் பெயர் கூட்டத்தில் காணாமல் போனது. அவர் அஞ்சுகத்தை முறைத்தார்.

"ஆடம்பரமே ஆகாதுன்னு ஐயா மேடைக்கு மேடை சொல்வீங்களே" என்று பணிவாகச் சொன்னவள், அவர் பெயரை மட்டும் குச்சிபோல் மெல்லிய எழுத்துக்கு மாற்றிப் புதுத் தாளை நீட்டினாள். தடித்த பெயர்களுக்கு நடுவே அது ஒன்றுதான் பளிச்சென்று தெரிந்தது.

"தலைவருக்கு என்ன அடக்கம்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

இசக்கி தாளை உற்றுப் பார்த்தார். "தாயி, எனக்கும்..." என்று அவர் தொடங்குவதற்குள், சிங்காரவேலு தாளைப் பிடுங்கி 'அச்சடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.