உப்புக்காரியின் குரலும் யானைச் சங்கிலியும்

மருதங்கோட்டை ராஜா குமாரகண்டரின் சபையில் நீதிநாயகர் பரஞ்சோதியார் விசாரிக்க ஆரம்பித்தால் போதும். நாம் புகார் கொடுக்க வந்தோமா, தண்டனை வாங்க வந்தோமா என்று வந்தவருக்கே சந்தேகம் வந்துவிடும். அன்று அவரிடம் அகப்பட்டவள் உப்புக்காரி பவளாயி.

சந்தை அதிகாரி வீரகேசரி, பட்டப்பகலில், அவள் தலையில் உப்புக்கூடை இருந்த நேரம் பார்த்து இடுப்பில் கை வைத்துவிட்டான். அவளுடைய இரண்டு கையும் கூடையில். தட்டிவிடக்கூட முடியவில்லை. கூடையை இறக்கி வைத்தவள் நேரே சபைக்கு வந்துவிட்டாள். வீரகேசரியோ சேனாதிபதியின் மைத்துனன். குற்றவாளி நிற்கிற இடத்திலும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

பரஞ்சோதியார் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“தெருவில் எதற்கம்மா அவ்வளவு இனிமையாகக் கூவினாய்?”

“கூவினாத்தானே சாமி உப்பு விக்கும்?”

“அவர் கை வைத்தபோது ஏன் கத்தவில்லை?”

“கத்தினேனே சாமி! உப்புக்குத்தான் கத்துறேன்னு அவங்கவங்க வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அதிகாரி நிற்கும் இடத்துக்கு நீ ஏன் போனாய்?”

“சந்தை அங்கதானே சாமி இருக்குது?”

சபையில் சிரிப்பு. பட்டு உடுத்திய பெரிய மனிதர்கள் தொந்தி குலுங்கச் சிரித்தார்கள். பவளாயி தலையைக் குனியவில்லை. ஆனால் அவள் உதடு துடித்ததை வேம்பன் பார்த்தான். யானைப்பாகன் மகனாகப் பிறந்து, வாய்த்துடுக்கால் அரசருக்குப் பிரியமானவன் அவன். கூவினால் ஏன் கூவினாய், கத்தாவிட்டால் ஏன் கத்தவில்லை! இந்த மனிதர் வாயில் மண்ணைப் போட என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் பொறுத்திருந்தான்.

பரஞ்சோதியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓலையைப் படித்தார். “பெண்ணின் இனிய குரல் காதில் விழுந்தால் ஆண்மகனுக்குப் புத்தி தடுமாறும், கை அடங்காது. அது இயற்கை. ஆகவே குற்றம் குரலுடையது. பவளாயி இனி எந்தத் தெருவிலும் கூவக்கூடாது.”

கூவாமல் உப்பு விற்பது எப்படி? அவள் பிழைப்பிலேயே மண் விழுந்துவிட்டது. “ராசா!” என்றாள் பவளாயி.

அரசர் முத்திரை மோதிரத்தை எடுத்தார். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை விழுந்த ஓலையை அரசராலும் மாற்ற முடியாது. எழுதியவரே சபை நடுவில் நின்று, ‘நான் எழுதியது பொய்’ என்று சொல்லிக் கிழித்தால்தான் உண்டு.

வேம்பன் எழுந்தான். “ஆஹா, அருமையான தீர்ப்பு! நீதிநாயகரே, ஒரே ஒரு சந்தேகம். இந்த இயற்கை வீரகேசரி ஒருவருக்குத்தானா?”

“அதெப்படி? எல்லா ஆண்களுக்கும்தான்!”

“அதையும் எழுதிவிடுங்களேன்.”

பெருமையோடு எழுதினார். முத்திரை விழுந்தது.

வேம்பன் உடனே யானைக் கொட்டிலுக்கு ஆள் அனுப்பினான். சற்று நேரத்தில் பாகன் கொம்பையா ஏழெட்டுச் சங்கிலிகளை இழுத்துக்கொண்டு சபைக்குள் வந்தார்.

“இது என்ன கூத்து?” என்றார் அரசர்.

“அரசே, யானைக்கு மதம் பிடிப்பது இயற்கை. அதற்காக ஊர்க்காரர்களைத் தெருவில் நடக்காதே என்கிறோமா? யானையைத்தானே கட்டிப்போடுகிறோம்? இதோ முத்திரை ஓலை. ஆண்கள் எல்லோருக்கும் கை அடங்காதாம். நாமோ மன்னர் சபை நடுவில் ஏழெட்டு மதயானைகளை அவிழ்த்து விட்டிருக்கிறோம்! கொம்பையா, வீரகேசரியை அப்புறம் பார்க்கலாம். முதலில் நீதிநாயகரின் காலைக் கட்டும்.”

“எந்தக் காலு தம்பி, வலதா இடதா?” என்றார் கொம்பையா, குனிந்தபடி.

பரஞ்சோதியார் துள்ளி எழுந்தார். “டேய், தொடாதே! எனக்கெல்லாம் அடங்கும்!”

“அதையும் பார்த்துவிடுவோம். பவளாயி அக்கா, ஒரு தடவை கூவுங்கள்.”

பவளாயி அரசரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தெருவில் கூவுவதுபோலவே கூவினாள்.

“உப்போ... உப்பே...ய்!”

தூண்கள் அதிர்ந்தன. சற்றுமுன் சிரித்த பெரிய மனிதர்களைப் பார்க்க வேண்டுமே! கையைக் கட்டிக்கொண்டார் ஒருவர். தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார் இன்னொருவர். பரஞ்சோதியார் சாமி கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். வீரகேசரியின் கையோ மீசையைக்கூட மறந்து தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கொம்பையா அவனை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, இவரைக் கட்ட எனக்குச் சங்கிலி வேண்டாம். மதம் பிடிச்ச யானை எதிர்ல நிக்கிறது ராசாவா, உப்புக்காரியான்னு பார்க்காது. இவரு பார்க்கிறாரு. ராசா இருந்தா அடங்குது, அவ தலையில கூடை இருந்தா அடங்கலை. இது மதம் இல்லை. திமிரு.”



“பரஞ்சோதியாரே,” என்றார் அரசர். “சங்கிலியா, ஓலையா?”

“நான்... நான் எழுதியது பொய்,” என்று முனகியபடி அவர் ஓலையைக் கிழித்தார்.

வீரகேசரியின் பதவி அந்த நிமிடமே பறிபோனது. ஒரு வருஷம் கொட்டிலில் சாணி அள்ள வேண்டும், அதுவும் விலங்கு மாட்டிய காலோடு என்று அரசர் உத்தரவிட்டார். பவளாயி கும்பிட்டுவிட்டு, “வெயில் ஏறுது ராசா, சந்தை கலைஞ்சிடும்” என்று புறப்பட்டாள். அவள் குரல் ராஜவீதி முனை வரைக்கும் கேட்டது.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தோளில் இருந்த சரிகைச் சால்வையை வேம்பனுக்குப் போர்த்திவிட்டு, “கொம்பையா, மிச்சச் சங்கிலியைத் திருப்பி எடுத்துப் போம்” என்றார்.

“ஒன்று மட்டும் இங்கேயே இருக்கட்டும் அரசே,” என்றான் வேம்பன். “நீதிநாயகருக்குக் கை அடங்கும் என்று பார்த்துவிட்டோம். நாளைக்கும் ஒரு பெண் புகாரோடு வருவாள். நாக்கு அடங்குமா என்று இன்னும் பார்க்கவில்லையே!”