மூக்காயி அலசாத முடி

அந்தக் காலத்தில், அதாவது கரடியும் செடியும் நேருக்கு நேர் நின்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மலையடிக் காட்டில் மூக்காயி என்றொரு கரடி இருந்தாள். பேரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிறவியிலேயே வந்ததல்ல அது. நரி ஒருமுறை வெறுங்கூட்டைத் தேன்கூடு என்று தலையில் கட்டியது. குரங்கு, பழுத்த பழமெல்லாம் சொத்தை, கீழே போட்டுவிடு என்று சொல்லி, போட்டதைப் பொறுக்கித் தின்றது. ஏமாந்து ஏமாந்து படித்தவள். "போட்டுவிடு" என்று எவன் சொன்னாலும் அவளுக்குக் கண் சிவந்துவிடும்.

அந்தக் கோடையில் அவள் முடி காய்ந்த வைக்கோலாகிவிட்டது. முடி போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. கீழ்க்காட்டில் தீப் பிடித்திருந்தது. எதிர்மலைச் சுனைக்குப் போனால்தான் பிழைப்பு. வழியோ செங்குத்துப் பாறை. வேம்பன், சுண்டு என்ற இரண்டு குட்டிகளும் அவள் முதுகில் தொங்கித்தான் வரவேண்டும். ஆனால் பிடித்தால் முடி படக்கென்று அறுந்தது. ஏறிப் பழகும்போதே வேம்பன் இரண்டு தடவை விழுந்தான்.

"ஆத்தா, முடி கையோட வருது."

இலுப்பைக் கொட்டையை நசுக்கி எண்ணெய் பூசிப் பார்த்தாள். காட்டுப் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கொண்டதுதான் மிச்சம். கற்றாழைச் சோற்றை வழித்துத் தடவினாள். வெயிலில் அது தகடுபோல் காய்ந்து, முடியை இன்னும் கொத்தாக ஒடித்தது. புகை நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது ஓடைக்கரைச் செம்பருத்தி ஒன்றுதான்.

"ஏண்டி, உன் இலையை அரைச்சுப் போட்டா முடி அறாதாமே?"

"அறாது அக்கா. சும்மா கிடைக்காது. ஒரு தேன்கூடு வேணும். என் பூவுக்கு மணமில்லைன்னு ஒரு வண்டும் எட்டிப் பார்க்க மாட்டேங்குது. தேனைக் காட்டித்தான் கூப்பிடணும்."

"இந்த மூஞ்சிக்குக் கூடு கேக்குதா? பாதி வாங்கிக்க."

"முழுசு."

"அடியே, பிள்ளைங்களுக்குன்னு வெச்சிருக்கிற கடைசிக் கூடுடி அது."

"அப்ப வேற செடியைப் பாரு அக்கா."

வேறு செடி எங்கே இருக்கிறது? எல்லாம் கருகிக் கிடந்தது. பேரத்தில் தோற்று அறியாத மூக்காயி அன்று முழுக் கூட்டையும் வேரடியில் வைத்தாள். குட்டிகள் உதட்டை நக்கிக்கொண்டு பார்த்தன. அந்த ஆத்திரத்தில் ஒரு கிளை விடாமல் செம்பருத்தியை மொட்டையடித்து, பாறையில் இலையை நசுக்கி, கொழகொழவென்று உடம்பெல்லாம் அப்பிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் ஊறட்டும் அக்கா. அப்புறம் இந்த ஓடை மடுவில் இறங்கி நல்லா அலசிடு. வழவழப்புப் போற வரைக்கும் அலசணும்."

மூக்காயி திரும்பினாள். "என்ன சொன்னே?"

"ஊறினது உள்ளே நிக்கும். மேலே இருக்கிறது வெறும் சக்கை. அதைத் தண்ணியில விட்டுடு."

"என் பிள்ளைங்க வாயில இருந்ததைப் பிடுங்கிக்கிட்டு, நீ கொடுத்ததைத் தண்ணியில விடச் சொல்றியா? மடுவும் நீயும் கூட்டா? சக்கைக்கா நான் கூடு கொடுத்தேன்?"

"கோபப்படாதே அக்கா, இந்த மருந்து அப்படித்தான்..."

"போடி! உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். ஒரு துளிகூட விடமாட்டேன்."

இதுவரை "விட்டுடு" என்று அவளிடம் சொன்னவர்கள் எல்லோரும் திருடர்கள். செம்பருத்தி மட்டும்தான் திருடி இல்லை. அதைத் தெரிந்துகொள்ள மூக்காயிக்கு வழியில்லாமல் போயிற்று.

மடுவைத் தாண்டித்தான் போனாள். காலைக்கூட நனைக்கவில்லை. வெயிலில் அவள் முடி ஈரம் காயாமல் கன்னங்கரேலென்று மின்னியது. இழுத்துப் பார்த்தாள். அறவில்லை. குட்டிகளை ஏற்றிக்கொண்டு பாறையில் கால் வைத்தாள்.

பாதிப் பாறையில் வேம்பன் சொன்னான், "ஆத்தா, வழுக்குது."

"கெட்டியாப் பிடிடா."

"பிடிச்சாலும் நழுவுது ஆத்தா."

"அறாதுடா! முழுக் கூடு கொடுத்திருக்கேன், பிடி!"

அறவில்லைதான். ஒரு முடிகூட அறவில்லை. செம்பருத்தி கொடுத்த வாக்குப் பொய்க்கவில்லை. ஆனால் வேம்பனின் இரண்டு கைகளும் எண்ணெய்க் குடத்தில் வழுக்குவதுபோல் முடியின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய், நுனி வரைக்கும் போய், நுனிக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. கத்தக்கூட அவனுக்கு நேரமில்லை. கீழே எங்கேயோ சரளைக் கற்கள் உருண்டன. அப்புறம் அதுவும் நின்றது.

சுண்டுவும் நழுவத் தொடங்கியிருந்தாள். மூக்காயி அவளை எட்டி வாயில் கவ்விக்கொண்டாள். வாயில் பிள்ளை இருந்ததால் வாய்விட்டு அழவும் முடியவில்லை. கீழே இறங்கவும் முடியவில்லை. தீ பாறையடிக்கே வந்துவிட்டது.

எதிர்மலையில் சுனை தெளிவாக ஓடியது. அவள் குடிக்கவில்லை. ஒரு புற்றைப் பிறாண்டி உடைத்து, அந்த மண்ணில் விழுந்து புரண்டாள். செம்பருத்தியின் வழவழப்பு போகும்வரை புரண்டாள். மரத்தில் முதுகைத் தேய்த்தாள். தோல் கிழியும்வரை தேய்த்தாள். மண் வழவழப்பைக் குடித்தது. முடி சொரசொரவென்று சிக்குப் பிடித்து நின்றது. தண்ணீர் செய்திருக்கவேண்டிய வேலையை மண் செய்தது, ஒரு பிள்ளை பிந்தி.

சுண்டு பயந்து பயந்து முதுகில் ஏறி, இரண்டு கொத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"வலிக்குதா ஆத்தா?"

"வலிக்கட்டும். விடாதே."

அன்று முதல்தான் கரடியின் முடி எந்த எண்ணெயும் காணாமல் மண்ணேறிச் சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. குட்டி அதைக் கொத்தாகப் பற்றி இழுத்து, தாய்க்கு வலித்தால்தான், தாய் அடுத்த அடியை எடுத்து வைக்கிறாள்.