முகிலனின் இடப்பக்கம்

கோவை காந்திபுரத்தில், செல்போன் கடை ஒன்றின் மாடியில் இருந்த கேம் சென்டரில் ஜுபைதா சண்டை விளையாட்டு சொல்லிக்கொடுத்தாள். வயது இருபத்தெட்டு. தேசியப் போட்டியில் இரண்டு முறை ஜெயித்தவள்.

அவளிடம் கற்றுக்கொண்டவர்களில் மூத்தவர் லோகிதாசன். வயது நாற்பத்தொன்று. பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டுபவர். தன்னைவிடச் சின்னவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை 'அண்ணா' என்பாள்.

விளையாட்டின் பெயர் 'மாவீரர் மோதல்'. காமிக்ஸ் புத்தகங்களில் வந்த பன்னிரண்டு நாயகர்கள் அதில் மோதிக்கொள்வார்கள். லோகிதாசன் எப்போதும் முகிலனைத்தான் எடுப்பார். முகிலன் மேகமாகக் கரைந்து, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் தோன்றி அடிப்பான். அந்த ஒரு அடியை லோகிதாசனைப் போல அடிக்க யாராலும் முடியவில்லை. பதினேழு மாதங்களாக அவர் தோற்கவே இல்லை.

ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், இனி நான் கத்துக்க என்னங்க இருக்குது?"

ஜுபைதா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஃபைனல் முடியட்டுங்கண்ணா. சொல்றேன்."

மாநில இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. எதிரே ஆடப்போகிறவள் ஷைனி; குன்னூரில் நர்சிங் படிப்பவள். பன்னிரண்டு பேரில் பனிமகளை வைத்து ஆடுவாள். லோகிதாசன் அவளை நான்கு முறை தோற்கடித்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே ஜுபைதாவும் ஷைனியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் முகிலன். அவனை ஆட்டிக்கொண்டிருந்தது ஜுபைதாவின் கை.

"இவன் கரைஞ்சதும் திரும்பிப் பின்னாடி பார்க்காதே. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. வெளிய வரும்போது இவனோட இடப்பக்கம் திறந்து கிடக்கும். கண் சிமிட்டற நேரந்தான். அங்க அடி."

ஷைனி அடித்தாள். முகிலன் சுருண்டு விழுந்தான்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் விழுந்தான்.

லோகிதாசன் கையிலிருந்த ஹெல்மெட் நழுவித் தரையில் உருண்டது. ஷைனி பதறி எழுந்தாள். ஜுபைதா எழவில்லை.

"டீச்சர்..."

முகிலனுக்கு அப்படி ஓர் இடப்பக்கம் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உள்ள வாங்கண்ணா" என்றாள் ஜுபைதா.

அவர் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கினார். சிங்காநல்லூரில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டியவர், எங்கே போகிறோம் என்று தெரியாமல் வண்டியை ஓட்டி உக்கடத்தில் வந்து நின்றார். வீட்டுக்குப் போனதும் மனைவி சாந்தாமணி முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"டீச்சர் என்னைக் காட்டிக்குடுத்துட்டாங்க" என்றார்.

மறுநாள் லேத் செக்‌ஷனிலிருந்து எட்டுப் பேர் போட்டி அரங்குக்குப் பார்க்க வந்திருந்தார்கள். மொத்தம் ஐந்து சுற்று. மூன்றில் ஜெயித்தவருக்குக் கோப்பை.

முதல் சுற்றில் முகிலன் கரைந்தான். வெளியே வந்ததும் இடப்பக்கம் அடி விழுந்தது. இன்னும் இருமுறை கரைந்தான். இருமுறையும் அதே அடி. சுற்று நாற்பது விநாடியில் முடிந்தது.

இரண்டாவது சுற்றில் கூடாது கூடாது என்று நினைத்தபடியே லோகிதாசனின் விரல் அதே பட்டனுக்குப் போனது. அதுவும் போயிற்று. எட்டுப் பேரும் கை தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவது சுற்றில் முகிலன் கரையவில்லை. வேறு என்ன செய்வதென்று லோகிதாசனுக்குத் தெரியவில்லை. வந்த அடிகளைத் தடுத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் எதிரே இருப்பவளைப் பார்த்தார். பனிமகள் அடிப்பதற்கு முன் வலது தோளை லேசாகச் சாய்த்தாள். ஒவ்வொரு முறையும் சாய்த்தாள். நான்கு ஆட்டம் அவளை ஜெயித்திருக்கிறார், ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை.

தோள் சாயும்போது குத்தினார். வெறும் குத்து, வெறும் உதை. அந்தச் சுற்று அவருக்கு. அடுத்ததும் அவருக்கு.

ஐந்தாவது சுற்றில் ஷைனி தோளைச் சாய்ப்பதை விட்டுவிட்டாள். அவர் வேறொன்றைத் தேடிக் கண்டுபிடித்தார். அவளும் விடவில்லை. இருவருக்கும் நூலளவு உயிர் மிச்சமிருந்தபோது இருவரும் ஒன்றாக அடித்தார்கள். அவள் அடி முதலில் விழுந்தது.

அரங்கமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்ததை லோகிதாசன் அப்போதுதான் கவனித்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தோற்றுவிட்டோம் என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

வெளியே படிக்கட்டருகே ஜுபைதா நின்றிருந்தாள். அவர் நேராக அவளிடம் போனார்.

"பதினேழு மாசங்க டீச்சர். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க. என் எதிரிக்குப் போய்ச் சொல்லிக்குடுத்துட்டீங்களே, ஏனுங்க?"

"எந்த எதிரிண்ணா?" என்றாள் ஜுபைதா. "பதினேழு மாசமா உங்களுக்கு எதிர்ல ஆளே இல்லையே. ஒருத்தியை நான்தான் உண்டாக்க வேண்டியதாப் போச்சு."