சரிக்குச் சமம்

"பிரிங்க மரகதம், எல்லாரும் பார்க்கட்டும்" என்றார் தலைவர் ஞானப்பிரகாசம்.

கரூர் நாணயம் சேகரிப்போர் சங்கத்தில் பொங்கல்தோறும் சீட்டுக் குலுக்கி, இருவர் இருவராகப் பழங்காசுகளைப் பரிசாக மாற்றிக்கொள்வார்கள். தையல் கடை மரகதத்துக்குச் சேர்ந்த முதல் வருஷமே தலைவரின் பெயர் விழுந்திருந்தது. அவர் தந்த உறையை அவள் பிரித்தாள்.

"அசல் சோழர் காசு!" தலைவர் மேஜையைத் தட்டினார். ஒரு கால் குட்டையான மேஜை ஆடியது. "வழக்கப்படி சமமான காசைப் பதிலுக்குக் கொடுக்கணும். உங்க மீன் போட்ட பாண்டியர் காசைக் கொடுத்துடுங்க."

அமராவதி மணலில் அவளே சலித்தெடுத்த காசு அது. அவளிடம் வேறு பழங்காசு கிடையாது. சோழர் காசின் விளிம்பிலோ முலாம் உரிந்து தகரம் பளபளத்தது. செயலாளர் அப்பாதுரை கூரையைப் பார்த்தார். போன வருஷம் தலைவரிடமிருந்து அவருக்கும் இதேபோல் ஒன்று வந்திருந்தது. ஆனால் சங்கம் நடக்கும் கட்டடம் தலைவருடையது.

"இவ்வளவு பெரிய காசுக்கு என் மீன் காசு ஈடாகுமுங்களா? சரிக்குச் சமமா ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுங்க" என்ற மரகதம், அந்தச் சோழர் காசையே வெற்றிலையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தத் தகரத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கத்திவிட்டார் தலைவர்.

"சோழர் காசைப் போய்த் தகரம்னு சொல்லலாமுங்களா, ஐயா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. மரகதம் மீன் காசைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பாதுரை தன் பையிலிருந்து போன வருஷத்துப் பரிசை எடுத்தார். குனிந்து, மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் அதைத் தள்ளினார்.